ரெட்டு விழுந்த நேரத்தில் மண்புழு

கேரம் போர்டுக்குக் கடிகாரம் கிடையாது. கிரிக்கெட்டுக்கு ஓவர் கணக்கு உண்டு, கால்பந்துக்கு விசில் உண்டு, கல்யாணத்துக்குக்கூட முகூர்த்த நேரம் உண்டு (யாரும் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்). கேரம் மட்டும் கடைசிக் காயின் குழிக்குள் விழுகிறவரை நடக்கும். திருவொற்றியூரில் பிறந்து, கேரம் கிளப்புக்கு எதிர்வீட்டில் வளர்ந்து, போரிக் பவுடர் வாசனையிலேயே பாடம் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. காரணம், நான் அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தேன்.

எங்கள் ஏரியா லோக்கல் கேபிள் சேனலில் எனக்கு வேலை. முதலாளி பாஸ்கர் அண்ணன். என் பதவியின் பெயர் நிகழ்ச்சி நிர்வாகி. (டீ வரவில்லை என்றால் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதும் நிர்வாகத்தில் சேர்த்தி.) சேனலில் அப்போது ஓடியது மரண அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழா, தண்ணீர் லாரி வரும் நேரம், இவற்றுக்கு நடுவே மூட்டுவலி எண்ணெய் விற்கும் ஒரு வைத்தியர். வைத்தியர்தான் காசு கொடுக்கிறவர் என்பதால் அவர் எப்போது வேண்டுமானாலும் வருவார். மரண அறிவிப்புக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில்கூட முழங்காலைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

பழைய ஸ்டூடியோ ஒன்றைக் காலி செய்தபோது பாஸ்கர் அண்ணன் லைட்டு, ஸ்டாண்டு எல்லாம் மொத்தமாக வாங்கி வந்தார். கூடவே ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகள் வந்தன. ஒளிபரப்பும் உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தார்கள், இதை எவன் போடப் போகிறான் என்ற தைரியத்தில். நான் போட்டுப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ எடுத்த குழந்தைகள் அறிவியல் தொடர். ஒல்லியாக ஒரு மனிதர். மெட்ராஸ் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர். கையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குடுவை. பெயர் குடுவை மாமா. பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை, பால் எப்படித் தயிராகிறது என்று பாட்டும் பொம்மையுமாகச் சொல்வார். ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியோடு முடியும். “யோசித்துக்கொண்டே இருங்கள் குழந்தைகளே, நாளை பார்ப்போம்!” என்று குடுவையைத் தூக்கிக் காட்டுவார்.

எனக்கு அந்த மனிதரை அப்படிப் பிடித்துப்போயிற்று. எங்கள் தெருப் பிள்ளைகள் லீவு முழுக்க செல்போனும் கையுமாகக் கிடந்த சமயம் அது. இதை ஓட்டினால் ஒரு பிள்ளையாவது வாயைப் பிளந்துகொண்டு பார்க்காதா என்று ஆசை. தினமும் காலை பதினொன்றரை மணியைக் கேட்டேன்.

பாஸ்கர் அண்ணன் வாயிலிருந்த பாக்கை ஓரம் ஒதுக்கினார். “இத எவம்மா பாப்பான்? பாட்டு கீதா, பைட்டு கீதா? சர்தான், தடைக்காலம் முடியற வரைக்கும் ஓட்டு. ‘நல்லாகீது, போடுங்க’ன்னு ஒரு போனாவது வரணும். வரலன்னா அந்த டைம வைத்தியருக்குக் குடுத்துருவேன். அப்பால நீயும் வேற எடத்துல வேல பாத்துக்கோ ரேவதி. எனக்கு இன்னாத்துக்கு நிர்வாகி?”

மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அதுதான் தடைக்காலம். கோடை விடுமுறையும் அதே நேரத்தில் வரும். படகெல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஆண்களெல்லாம் வீட்டில் வரிசையாகக் கிடப்பார்கள், டிவி ரிமோட் அவர்கள் கையில் கிடக்கும். குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்க இதைவிட மோசமான நேரம் உலகத்தில் இல்லை. மீன் பிடிக்கிறவர் பெற்ற மகளுக்கு அது உறைக்கவில்லை. லீவு என்றால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று மட்டும் தெரிந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

குடுவை மாமா ஓடத் தொடங்கினார். போன் வரவில்லை. சரியாகச் சொன்னால் ஒரே ஒரு போன் வந்தது. தண்ணீர் லாரி ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு அம்மா திட்டினார்.

நான் அசரவில்லை. குழந்தைகள் நிகழ்ச்சி தினமும் ஒரே நேரத்தில் வரவேண்டும், ஒரு நிமிடம் தள்ளினாலும் பிள்ளையின் நம்பிக்கை போய்விடும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் ஏற்றினேன். மணி பதினொன்றரை அடித்தால் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டுக் குடுவை மாமாவைக் கொண்டுவந்து நிறுத்தும். பாஸ்கர் அண்ணன் நடுவில் வைத்தியரை நுழைத்துவிடக் கூடாது என்று அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுப் பூட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் ராக்கெட்டையே நான்தான் ஏவிவிட்டேன் என்று நினைக்கத் தோன்றும்.

இப்போது நைனாவைச் சொல்ல வேண்டும். (எங்கள் பக்கம் அப்பா நைனாதான்.) என் நைனா முருகேசன் விசைப்படகில் வலை இழுக்கிறவர். கரையில் இருக்கும் நேரமெல்லாம் கேரம். தடைக்காலம் வந்தால் எங்கள் பகுதியில் பெரிய கேரம் போட்டி நடக்கும்; விம்கோ நகர், எண்ணூர், மணலி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். நைனா வருஷா வருஷம் அரை இறுதிவரை வந்து தோற்றுவிடுவார். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே ‘செமிஃபைனல் முருகேசன்’. டீக்கடையில், ரேஷன் கடையில், ஏன், என் ஸ்கூலில் பெற்றோர் கூட்டத்தில்கூட அந்தப் பெயர்தான். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் போட்டி முடிந்த மறுநாள் மட்டும் யாருடனும் பேசமாட்டார்.

அந்த வருஷம் நைனா அரை இறுதியில் ஜெயித்துவிட்டார்.

இறுதி ஆட்டத்தன்று அம்மா மீன் விற்கப் போகவில்லை. நைனா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியதை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. இறுதியில் எதிராளி எண்ணூர் ஏகாம்பரம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அள்ளும் லாரி ஓட்டுகிறவர். பலமுறை கோப்பை வாங்கியவர். விளையாடும்போது முகத்தில் ஒரு அசைவும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். வலைக் கிடங்கின் மாடியில் இடம். அங்கே கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும் என்பதால் மிச்ச ஊரெல்லாம் வீட்டிலும் டீக்கடையிலும் உட்கார்ந்து எங்கள் சேனலில் நேரலை பார்க்கும். நானே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, போர்டு முழுக்கத் தெரிகிறமாதிரி வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்தேன். “எப்படியும் பத்தரைக்கு முடிஞ்சிடும்” என்று பாஸ்கர் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அவர் ஆபீஸில் இருந்தார். கம்ப்யூட்டரைத் தொடவேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் ஆட்டோமேட்டிக் என்றும் சொல்லியிருந்தேன்.

ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் ஒரு மீன் பெட்டியைச் சுற்றுக்கு விட்டார். எல்லோர் செல்போனும் அதற்குள் போகவேண்டும். ஸ்ட்ரைக்கரை வைக்கிற நேரத்தில் எவன் போனாவது அலறினால் கொலையே விழும், அதனால் அப்படி ஒரு வழக்கம். என் போனும் போயிற்று. சிரித்துக்கொண்டே போட்டேன்.

முதல் கேம் நைனா. இரண்டாவது ஏகாம்பரம். மூன்றாவது கேம் இழுத்தது. இழுத்தது என்றால், ஆளுக்கொரு காயின் மிச்சமிருக்கும்போது ஏகாம்பரம் ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் முழுசாகக் குடித்தார். நைனா போர்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். மணி பார்க்கவேண்டும் என்று ஒரு நொடிகூட நினைவு வரவில்லை.

கடைசியில் போர்டில் சிவப்புக் காயினான ரெட்டு, நைனாவின் ஒரு காயின், ஏகாம்பரத்தின் ஒரு காயின். அடிக்கவேண்டியவர் நைனா. ரெட்டைப் போட்டு, அதற்குப் பின்னால் தன் காயினை ஃபாலோ போட்டால் கோப்பை அவருக்கு. தவறினால் ஏகாம்பரம் முடித்துவிடுவார். ரெட்டோ நைனாவின் கைப்பக்கமே, அவர் கோட்டுக்குக் கீழே கிடந்தது. நேராக அடிக்க வழியில்லை. எதிர்க்கட்டையில் ஸ்ட்ரைக்கரை மோதித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நைனா விரலில் பவுடரைத் தேய்த்தார். குனிந்தார்.

அப்போது ஹாலின் மூலையில் எங்கள் சேனலே ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஒரு பாட்டு கேட்டது. டிங் டிங் டிடிங்.

“குழந்தைகளே, வணக்கம்! இன்று நம் தோட்டத்து நண்பரைச் சந்திப்போமா? அவர்தான் மண்புழுவார்!”

நான் டிவி பக்கம் திரும்பினேன். ஸ்வெட்டர். குடுவை. குடுவைக்குள் மண். மணி பதினொன்றரை. அதே நொடி என் முதுகுக்குப் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், தொடர்ந்து ‘டொக் டொக்’, அப்புறம் ஹாலே எழுந்து கத்தியது.

நான் திரும்பியபோது போர்டில் ரெட்டு இல்லை. நைனாவின் காயினும் இல்லை. ஒரே அடியில் இரண்டும் இரண்டு குழிக்குள். நைனா கையை மேலே தூக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் பார்த்தவள் மாதிரியே கைதட்டினேன். தட்டிக்கொண்டே மாடிப்படியில் இறங்கி ஓடினேன்.

தெருவில் கலவரம். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆண்கள் எல்லாம் வாசலுக்கு வந்திருந்தார்கள். “எவன்டா கட் பண்ணது?” “ரெட்டு வுழுந்துச்சா இல்லியா?” “யோவ், புழுவ காட்றான்யா!” ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் குடுவை மாமாவின் குரல் நல்ல தமிழில் வந்துகொண்டிருந்தது. “மண்புழு உழவனின் நண்பன், குழந்தைகளே!” நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன்.

ஆபீஸில் பாஸ்கர் அண்ணன் ஒரு கையில் பிரியாணிப் பருக்கையோடு கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்தார். “இன்னாமே பண்ணி வெச்சிகீற? எத அமுக்கினாலும் பாஸ்வேர்டு கேக்குது! பத்து வாட்டி போன் அடிச்சேன்!” என் போன் மீன் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கும், பாவம். நான் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினேன். தப்பு. மறுபடி தட்டினேன். அவசரத்தில் மறுபடி தப்பு. இன்னொரு முறையும் தப்பாகவே, கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பொறுத்து வா என்று என்னையே வெளியே தள்ளிவிட்டது. நான் போட்ட பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு.

நாங்கள் இரண்டுபேரும் உட்கார்ந்து மண்புழுவை முழுசாகப் பார்த்தோம். வேறு என்ன செய்வது? இப்ப வரும், இப்ப வரும் என்று ஊரே சேனலை மாற்றாமல் பார்த்திருக்கிறது. கடைசியில் குடுவை மாமா ஒரு விரலைத் தூக்கினார். “ஒரு மண்புழு இரண்டாக வெட்டுப்பட்டுவிட்டால், இரண்டு துண்டும் இரண்டு மண்புழுக்களாகுமா? யோசித்துக்கொண்டே இருங்கள், நாளை பார்ப்போம்!” உடனே சாஃப்ட்வேர் சொன்ன சொல் தவறாமல் நேரலைக்குத் திரும்பியது. ஹாலில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காலிப் போர்டின் மேல் ஒரு பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

கேமராவில் தனியாகப் பதிவு கிடையாது, ஆபீஸில் ஒளிபரப்பாவதைத்தான் பதிவு செய்வோம். ஆகவே பதிவிலும் மண்புழுதான். நைனாவின் அடி எங்கேயும் இல்லை.

சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டது. “முருகேசன் பொண்ணு அங்கதான வேல பாக்குது? அப்பன் மிஸ் பண்ணிட்டான், பொண்ணு பாத்துட்டு டக்குனு கட் பண்ட்டா. உள்ள பேசி வெச்சிகினு கோப்பைய தூக்கினு பூட்டாங்க.” ஹாலில் இருந்தவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் நைனாவின் தோஸ்துகள். யார் நம்புவார்கள்?

வீட்டுக்குப் போனேன். கோப்பை ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. யாரோ போட்ட மாலை அதன் கழுத்தில் இருந்தது. நைனா இஸ்திரிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிக் கிடந்தது.

“நைனா, நான் வேணும்னு பண்ணல.”

“தெரியும்மா.”

“சாப்புடு நைனா.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “இத்தினி வருசம் தோத்துகினே இருந்தேன். ஒருத்தன் ஒரு வார்த்த தப்பா பேசல. இன்னிக்கு ஜெயிச்சேன். திருடன்றானுங்கோ” என்றார்.

எனக்கு அப்படியே எண்ணூர்க் கழிமுகத்தில் போய் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அம்மா என் தலையில் ஒரு கொட்டு வைத்தார், அழுவதற்கு ஒரு காரணமாவது இருக்கட்டும் என்று.

மறுநாள் ஆபீஸுக்குப் போனது என் டிபன் பாக்ஸை எடுத்துவர மட்டும்தான். பாஸ்கர் அண்ணன் முந்தினநாளே என்னிடம் பாஸ்வேர்டை வாங்கி, பதினொன்றரைக்குக் குடுவை மாமாவைத் தூக்கிவிட்டு வைத்தியரைப் போட்டிருந்தார். டிவியில் முழங்கால் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்கர் அண்ணன் என்னைத் திட்ட வாயைத் திறந்தார், போன் அடித்தது.

“ஹலோ, கேபிள் ஆபீஸா? அந்தப் புழு இன்னா ஆச்சு?”

“எந்தப் புழு?”

“அதான்பா, ரெண்டா வெட்டுனா ரெண்டும் பொயைக்குமான்னு கேட்டுட்டு பூட்டாரே அந்த ஸ்வெட்டரு. இன்னிக்கு சொல்றேன்னாரு. நீ இன்னாடான்னா முட்டிய காட்ற?”

வைத்ததும் அடுத்த போன். மீன் விற்கும் ஒரு அம்மா. “யப்பா, எங்க வூட்ல அண்ணன் தம்பி ரெண்டுபேரும் காலைலேர்ந்து சண்ட. தூண்டில்ல பிச்சு மாட்டறப்ப ரெண்டு துண்டும் துடிக்குது, அதனால ரெண்டுக்கும் உசுரு கீதுன்றான் ஒருத்தன். துடிச்சா உசுரான்றான் இன்னொருத்தன். சீக்கிரம் பதில போட்டு வுடு, நான் யாவாரத்துக்குப் போவணும்.”

போன் நிற்கவே இல்லை. கடலில் இருந்தால் இந்த ஆண்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? தடைக்காலத்தில் அவர்களுக்கு இருந்தது நேரம் மட்டும்தான். பிள்ளைகளும் விடவில்லை. “அண்ணா, குடுவை மாமா இனிமே வரமாட்டாரா?” என்று ஒரு குழந்தை கேட்டதும் பாஸ்கர் அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னாமே இது, கலீஜ் புழுவுக்கு இவ்ளோ மவுசா? சரி சரி, நாளைக்கே போடு.”

எனக்கு வேலை மிஞ்சியது. குடுவை மாமாவுக்கும் நேரம் மிஞ்சியது. ஆனால் எனக்கு நைனாவின் ஆறிய சோறுதான் கண்ணில் நின்றது. நாளைக்குப் பதினொன்றரை மணிக்கு ஊரில் ஒருவன் பாக்கியில்லாமல் டிவி முன்னால் உட்காரப் போகிறான். காலேஜில் சொல்லிக்கொடுக்காத ஒன்று அப்போதுதான் மண்டையில் ஏறியது: ஊர் உட்காருகிற நேரம்தான் நல்ல நேரம்.

“அண்ணே, போடறேன். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எனக்கு வேணும். ஏகாம்பரம் மாமா லைவ்ல வந்து நடந்தத சொல்லணும்.”

“தோத்தவன் வந்து ‘நான் தோத்தேன்’னு எதுக்குச் சொல்லுவான்? லூசா நீ?”

“கேட்டுப் பாக்கறேன்.”

பஸ் பிடித்து எண்ணூர் போனேன். ஏகாம்பரம் வீட்டு வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து சாம்பல் குழம்பாக வடிந்தது. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கழுவிக்கொண்டே இருந்தார். முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை.

“மாமா, எங்க நைனாவ திருடன்றாங்க. நேருக்கு நேரா உக்காந்து பாத்தது நீங்கதான். நீங்க சொன்னா ஊரு நம்பும்.”

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். “நீ தான அந்தப் புழுவ போட்டது?”

“ஆமா மாமா. மன்னிச்சிக்கோங்க.”

“மன்னிப்பு கெடக்கட்டும். எனக்கும் என் மச்சானுக்கும் நேத்துலேர்ந்து பேச்சுவார்த்த இல்ல. ரெண்டும் பொயைக்கும்னு நான் சொல்றேன், இல்லன்றான் அவன். நீ மொதல்ல பதில சொல்லு. அப்பறம் நான் வரேன்.”

“அது நாளைக்கு நிகழ்ச்சில...”

“அப்ப நாளைக்கு வா.” பக்கெட்டை மறுபடி தூக்கினார்.

நிகழ்ச்சி நிர்வாகியின் தர்மம் ஒரு பக்கம், நைனா ஒரு பக்கம். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். “தலைப்பக்கம் நீளமா இருந்தா அதுக்குப் புதுசா வால் மொளைக்கலாம் மாமா. வால்பக்கம் செத்துடும். ஒண்ணு ரெண்டாவாது.”

ஏகாம்பரம் முகத்தில் முதல்முறையாக ஒரு அசைவு. “அடச்சே. அதயும் தோத்தேனா?” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, “காலைல எத்தினி மணிக்கு வரணும்?” என்று கேட்டார்.

மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஊரே பதினொன்றரைக்குக் காத்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் நிற்க இடமில்லை என்று பிறகு சொன்னார்கள். நைனா எங்கேயும் போகமாட்டேன் என்று வீட்டிலேயே சுருண்டு படுத்திருந்தார். அம்மா டிவியை மட்டும் சத்தமாக வைத்திருந்தார். குடுவை மாமாவுக்குப் பதிலாக ஏகாம்பரம் திரையில் வந்து கேமராவை முறைத்தார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் ஏகாம்பரம். முருகேசன் அடிச்ச அடி எதிர்க்கட்டைல பட்டு திரும்பி வந்து ரெட்ட இந்தக் குழில, காயின அந்தக் குழில போட்டுச்சு. என் கண்ணால பாத்தேன். அம்பயரு குடுத்தது சரி. நான் சுத்தமா தோத்தேன். இத்தினி வருசமா ஆடறேன், அந்தமாதிரி ஒரு அடிய பாத்ததில்ல. நான் அடிச்சதும் இல்ல. எவனாவது முருகேசன திருடன்னான், மவனே, எங்கிட்ட வந்து பேசட்டும்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாஸ்கர் அண்ணன்கூட மூக்கை உறிஞ்சினார். போதும் மாமா, இறங்குங்க என்று கையைக் காட்டினேன். ஏகாம்பரத்துக்கு மேடை பிடித்துப்போய்விட்டது.

“இன்னொன்னு. மச்சான், பாத்துகினு இருப்ப. நீ சொன்னதுதான் கரீட்டு. தலப்பக்கம் பொயைக்கும், வால் பூடும். நான்தான் தப்பு.”

பாஸ்கர் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஊரே இரண்டு நாளாகக் காத்திருந்த பதிலை, குடுவை மாமா வாயைத் திறக்கும் முன்பே சாம்பல் லாரிக்காரர் உடைத்துவிட்டார். ஆனால் ஒருவரும் சேனலை மாற்றவில்லை. “ஏகாம்பரம் அடிச்சு வுடறான், அந்த ஆளு இன்னா சொல்றாரு பாப்போம்” என்று எல்லோரும் முழுசாகப் பார்த்தார்கள். அன்றைக்கு வந்த கேள்வி ‘மண்புழுவுக்குக் கண் உண்டா?’ அதற்கும் போன் வந்தது.

வீட்டுக்குப் போனால் நைனா இல்லை. டீக்கடையில் இருந்தார். இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். நடுவில் உட்கார்ந்து பிஸ்கட்டை ஸ்ட்ரைக்கராகவும் பெஞ்சைப் போர்டாகவும் வைத்து அந்த அடியை விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “டேய், எம் பொண்ணுக்கு ஒரு டீ போட்றா” என்றார். அந்த டீயில் சர்க்கரை அதிகம். நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அன்றோடு ‘செமிஃபைனல் முருகேசன்’ போனார். அவருக்கு ஊர் வைத்த புதுப் பெயர் ‘மண்புழு முருகேசன்’. கோப்பை வாங்கியதற்குக் கிடைத்த மரியாதை அது. என் கல்யாணத்தில் தாலியை எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் நைனா வீடியோக்காரரைப் பார்த்துக் கத்தினார்: “யோவ், நடுவுல மண்புழு வந்துடப் போவுது, பாத்துக்க!” மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய்ப் பந்தலின் கீழே தேடினார்கள்.

குடுவை மாமா இன்றைக்கும் அந்தச் சேனலில் வருகிறார். அந்த வருஷத்துப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது வேறு பிள்ளைகள் பார்க்கிறார்கள். கேரம் நடக்கும் நாட்களில் மட்டும் அவருக்கு நேரம் ‘ஆட்டம் முடிந்ததும்’. அதை நான்தான் எழுதி ஒட்டினேன். இப்போதும் நிர்வாகி நான்தான், சாஃப்ட்வேரில் பாஸ்வேர்டு மட்டும் இல்லை.

நைனா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வருஷம் ஏற ஏற அந்த அடியில் கட்டைகளும் ஏறிக்கொண்டே போகின்றன. இப்போதைய நிலவரப்படி ஸ்ட்ரைக்கர் மூன்று கட்டையில் மோதித் திரும்புகிறது. சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கதையை முடித்ததும் என் மகள் என்னிடம் திரும்பினாள். “அம்மா, தாத்தா அடிச்சப்ப நீ பாத்தியா?”

“பாக்காம? கண்ணு முன்னாடி” என்றேன், வழக்கம்போல.

நைனா சிரித்தார். “அவ எங்க பாத்தா? டிவிய பாத்துகினு இருந்தா. ரெட்டு வுழுந்ததும் நான் மொதல்ல பாத்தது உங்கம்மா மூஞ்சத்தான். அது அந்தப் பக்கம் திரும்பிகினு கீது.”

“உனக்குத் தெரியுமா நைனா? இத்தன வருஷமா ஏன் சொல்லல?”

“நீயே அழுதுகினு கெடந்த. அதுக்கு மேல இன்னாத்த சொல்றது?” பவுடர் டப்பாவை எடுத்துத் தட்டினார். “வா, குந்து. இப்ப அடிக்கிறேன், பாரு.”

ரெட்டையும் காயினையும் அன்றிருந்த இடத்திலேயே வைத்து அடித்தார். விழவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அடிக்கிறார். என் மகள் உள்ளிருந்து, “தாத்தா, குடுவை மாமா போட்டுட்டாங்க!” என்று கத்துவாள். “இர்ரி கண்ணு, இது வுழட்டும்” என்பார். இதுவரை விழவில்லை. நான் போர்டை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.